கை படாதது

முப்பத்தோரு வருஷத் தொழிலில் பாதிக் காலம் சத்தத்தை ஏற்றிக் கொடுத்தே சாப்பிட்டவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பெரிய நியாயவாதி மாதிரிப் பேச ஆரம்பித்தால் இந்த வரியைத் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

என் தொழிலுக்கு மாஸ்டரிங் என்று பெயர். சேலையூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு அதைப் புரியவைக்க நான் பட்ட பாடு அத்தனையும் வீண். தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற ஏழுமலை, புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு என்னை இப்படித்தான் அறிமுகம் செய்துவைப்பார்: "இந்தம்மா ரேடியோ ரிப்பேர் பாத்துகினு இருந்தாங்க. இப்ப ரிட்டேர்டு." திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். ஒருவர் பாடி, பலர் வாசித்து, இன்னொருவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முடித்த பிறகு, பாட்டு ஊருக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கை அதைத் தொடும். அந்தக் கை என்னுடையது. அவ்வளவுதான் விஷயம்.

போன மாதம் ஒலிப்பதிவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அடிதடி. பாட்டு கேட்கிற ஆப்புகள் இப்போது எல்லாப் பாட்டையும் தாங்களே ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நாம் எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் அது பேசாமல் இறக்கிவிடும். "அப்போ இவ்ளோ வருஷம் எதுக்கு ஏத்தினோம்?" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். ஆளாளுக்கு ஒரு பதில். கடைசியில், "வசந்தி அக்கா, நீங்களே சொல்லுங்க, உங்க காலத்துல என்னதான் நடந்துச்சு?" என்று என்னை இழுத்துவிட்டார்கள். கட்டைவிரலால் எழுதி முடிகிற சமாச்சாரமா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பல்லாவரத்தில் கேசட் பிரதி எடுக்கிற இடத்தில் சேர்ந்தது, அங்கே காது பழுத்தது, இரண்டு வருஷம் கழித்துக் குரோம்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனது எல்லாம் எல்லோர் கதையும்தான். அதை விட்டுவிடலாம். நாதமுனி சாரை விட முடியாது.

அவர்தான் அங்கே மாஸ்டரிங் தலைவர். முதல் நாள் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னார். முடிந்ததும், "என்ன கேட்டுது?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல சார்."

"மறுபடி உக்காரு."

இரண்டாம் தடவை டியூப் லைட்டின் ரீங்காரத்தைச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கைக்கடிகாரம், பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் மோட்டார், அப்புறம் தயங்கித் தயங்கி, "உங்க மூக்கு சார். லேசா விசில் அடிக்குது" என்றேன். செத்தோம் என்று நினைத்தேன். மனிதர் சிரித்துவிட்டார். "அது மூணு வருஷமா அடிக்குது. வீட்ல கூட யாரும் சொல்லல. நாளைக்கு வந்துடு."

நாதமுனி சார் பாட்டு கேட்கும்போது பேசமாட்டார். பேசினால் காது கலைந்துவிடும் என்பார். எது சொல்ல வேண்டுமென்றாலும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி நம் பக்கம் தள்ளுவார். "இரண்டாம் சரணத்தில் தபேலா தூங்குகிறது." "பாடுகிறவருக்குச் சளி. அதை நாம் சரிசெய்ய வேண்டாம்." இப்படி. ராகுகாலம், எமகண்டம், மறுபக்கம் தபேலா.

சேர்ந்த மூன்றாம் நாள், அவருக்குப் பிடித்த ஒரு வீணைப் பதிவைப் போட்டு, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "உன்கிட்ட நெயில் பாலிஷ் இருக்கா?" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த ஆளுக்கு என்ன கொழுப்பு என்று நினைத்தேன். கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குமிழ் நின்ற இடத்துக்கு நேராகப் பலகையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். "இனிமே எந்தப் பாட்டுக் கேட்டாலும் குமிழ் இங்கதான் நிக்கணும். குமிழை மாத்தினா பாட்டு மாறினதா காது ஏமாந்துடும்."

அந்தப் புள்ளி எனக்கு எத்தனை பெரிய பாடம் என்று அப்போது தெரியாது. மனிதக் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, இரண்டாவதைத் துளி சத்தமாக வைத்தால், இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் பண்ணும். அதனால் நாங்கள் வேலை முடித்த பாட்டை, வந்த பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டும்போது, நாதமுனி சார் முதலில் முடித்ததன் சத்தத்தைக் குறைத்து, இரண்டையும் சரிசமமாக்கிவிட்டுத்தான் போடுவார். "அப்பவும் நல்லா இருந்தாத்தான் நாம ஏதோ பண்ணியிருக்கோம். இல்லன்னா வெறும் சத்தம்தான் பண்ணியிருக்கோம்." வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. என்ன சார், ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கே என்பார்கள். "அதுக்குத்தான் இவ்ளோ கஷ்டப்பட்டோம்" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வந்த பாட்டைத் தொடுவதற்கு முன்னால், வந்தது வந்தபடி ஒரு பிரதி எடுத்து, அதன்மேல் "கை படாதது" என்று எழுதி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கட்டடமே பற்றி எரிந்தாலும் அது முதல் வேலை.

மனிதரைத் தெய்வமாக்க மாட்டேன். மகா பிடிவாதக்காரர். ஒரு நாகஸ்வரப் பதிவை மூன்று நாள் பிடித்து வைத்துக்கொண்டு வித்வானைக் கதற அடித்தார். புது மெஷின் வந்தால் ஒரு மாதம் அதன் பக்கமே திரும்பமாட்டார். ஃபேன் போட விடமாட்டார். மே மாசத்தில் அந்த அறையில் உட்கார்ந்து எத்தனை தடவை அவரைச் சபித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது கம்ப்ரஸர் என்கிற எங்கள் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கிறோம். கூரை ஒரே உயரம்தான், அதை உயர்த்த முடியாது. உயரமான மாமாவைக் குனியச் சொல்லி, குழந்தையை ஸ்டூல்மேல் ஏற்றினால் எல்லார் முகமும் தெரியும். அந்த அளவுக்கு அது நல்ல காரியம்தான். ஆனால் மாமாவை மண்டிபோடவைத்து, எல்லாத் தலையும் கூரையில் முட்டுகிற மாதிரி நிறுத்தினால், அந்தப் போட்டோவில் யார் மாமா, யார் குழந்தை? பாட்டில் சத்தமான இடத்தை அமுக்கி, மெதுவான இடத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் கூரையில் முட்டவைப்பது அப்படித்தான். சிடி வந்து, எஃப்.எம். வந்து, போனில் பாட்டு கேட்க ஆரம்பித்ததும் எல்லா இசையமைப்பாளரும் ஒரே வரத்தைக் கேட்டார்கள். பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும். பக்கத்துப் பாட்டுக்காரரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில்தான் செல்வி வந்தாள்.

பம்மலில் வீடு. லைட் மியூசிக் ட்ரூப்பில் பதினைந்து வருஷமாகக் கல்யாண ரிசப்ஷன்களில் அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவள். மேடவாக்கத்துக்காரர் கலைவாணன் என்ற இசையமைப்பாளர் ஏழு பாட்டுகளில் ஒரு ஆல்பம் போட்டார். அதில் ஒரு பாட்டு அவளுக்கு. வாழ்க்கையில் அவள் பேர் போட்டு வந்த ஒரே பாட்டு. ரயில் பிளாட்பாரத்தில் பிள்ளையைத் தொலைத்த ஒருத்தி அவனைத் தேடிக் கூப்பிடுகிற பாட்டு அது. பாடகர்கள் மாஸ்டரிங்குக்கு வருவதில்லை. செல்வி வந்தாள். "என் பாட்டு கடசியா யார் கையில போவுதுன்னு பாக்கணும் மேடம்" என்றாள்.

டீ குடிக்கும்போது ஒரு சங்கதி சொன்னாள்.

"பல்லாவரம் வெள்ளிக்கெழம சந்தை மேடம். என் புள்ள மாரிக்கு அப்ப ஆறு வயசு. வெங்காயம் பொறுக்கிகினு இருந்தேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். மொதல்ல மெதுவாத்தான் கூப்ட்டேன். நாலு பேரு பாப்பாங்களேன்னு வெக்கம். அப்பால கொஞ்சம் சத்தமா. அப்பறம் வெக்கம்லாம் போயே பூட்ச்சு. எங்கேர்ந்து வந்துச்சோ தெர்ல, அப்டி ஒரு கத்து. சந்தையே திரும்பிச்சு. ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாம் ஓடியாந்து, இன்னா கலர் சட்ட, இன்னா கலர் சட்டன்னு கேக்குறாங்க. எனுக்கு வாயில வர்ல மேடம். காலைல நான்தான் போட்டு உட்டேன். கலரு மறந்து பூட்ச்சு."

"ஐயோ! கிடைச்சானா?"

"கெடைக்காம? கருவாட்டுக் கடையாண்ட குந்திகினு பூனையப் பாத்துகினு இருந்தான். முதுகுல ரெண்டு வெச்சேன். அப்பறம் நான்தான் அழுதேன்."

பாட்டிலும் அப்படியேதான் பாடியிருந்தாள். முதல் கூப்பாடு உதட்டுக்குள். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் ஒரு படி ஏறும். கடைசியில் வாத்தியம் எல்லாம் நின்றுபோய், அவள் மட்டும் முழுத் தொண்டையில் ஒரே ஒரு தடவை "மாரீ" என்பாள். பாட்டில் வேறு பேர் எழுதியிருந்தார்களாம். ரெக்கார்டிங்கில் அவளுக்குத் தன் பிள்ளை பேர்தான் வந்தது. கலைவாணன் அதையே வைத்துக்கொண்டார். அந்த வகையில் அவருக்கு நல்ல மனசு, நல்ல காதும்கூட.

அந்த வாரம் நாதமுனி சார் லீவு. கண் ஆபரேஷன். நான் வழக்கப்படி முதலில் பிரதி எடுத்து, "கை படாதது" என்று என் கையால் எழுதி அலமாரியில் வைத்தேன். பாட்டைப் புள்ளியில் வைத்துப் போட்டேன். கலைவாணன் தன்னோடு கொண்டுவந்திருந்த ஒரு ஹிட் சிடியை அதற்கு அடுத்துப் போடச் சொன்னார். அது கூரையைப் பிய்த்தது.

"மேடம், நம்மளுது ரொம்பக் கம்மியா இருக்கே."

"கலை, அந்த முதல் கூப்பாடு கம்மியாத்தான் இருக்கணும்."

"எஃப்.எம்.ல வந்தா அதுக்குள்ள ஸ்டேஷன மாத்திடுவான் மேடம். ப்ளீஸ், ஒரே ஒரு தடவை." சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் குமிழைத் திருகினார். புள்ளியைத் தாண்டி, கால் வட்டம்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டவில்லை. இன்றைக்கும் அந்தக் கையும் அந்தக் குமிழும் அப்படியே கண்ணில் நிற்கின்றன.

திரையில் பார்த்தால் விஷயம் எளிது. பாட்டு முழுக்கக் கீழேயே நடந்துபோய், கடைசிக் கூப்பாடு ஒன்றுதான் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றதைத் தூக்க வேண்டுமென்றால் அதை அமுக்க வேண்டும். அமுக்கினேன். முதல் கூப்பாட்டைத் தூக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடி அமுக்கினேன். இன்னும் கொஞ்சம். மூன்றாம் சுற்று முடிந்தபோது மேடும் பள்ளமுமாக இருந்த கோடு, ரம்பத்தில் அறுத்த பலகை மாதிரி ஒரே கனத்தில் கிடந்தது. ஒப்பிட்டுக் காட்டும்போது சமமாக்கவும் இல்லை. பழையதை மெதுவாகவும் புதியதைச் சத்தமாகவும் போட்டேன். அப்படிப் போட்டால் யார்தான் சூப்பர் என்று சொல்லமாட்டார்கள்? கலைவாணன் எழுந்து நின்று கை தட்டினார்.

செல்வி மட்டும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் கீது மேடம். ஆனா நான் மொதல்லயே கத்துறனே. புள்ளயத் தேடுற மாதிரி இல்ல. அடிக்கக் கூப்புடுற மாதிரி கீது."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவளும் எங்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

நாதமுனி சார் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். பாட்டு அதற்குள் சிடி அடிக்கப் போய்விட்டது. உட்கார்ந்து ஒரு தடவை கேட்டார். அப்புறம் கையால் தடவிக் குமிழைத் தேடினார். அது நின்ற இடத்தை விரலால் பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்து, கண் சரியாகத் தெரியாமல் கோணலாக எழுதித் தள்ளினார். "புள்ளி எங்கே?"

"கிளையண்ட் கேட்டார் சார், நான் என்ன பண்றது?" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த அறையில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் பென்சிலைக் கீழே வைத்தார். குமிழைத் திருப்பிப் புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டு வெளியே போனார்.

ஆல்பம் வந்தது, வந்த சுவடு தெரியாமல் போனது. ஒருநாள் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கலைவாணன் போனில் அந்தப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டினார். செல்வி தன் பிள்ளையைக் கூப்பிடுகிறாள், கூப்பிடுகிறாள், கடைசியில் அலறுகிறாள். பக்கத்தில் ஒரு பத்துப் பேர் பட்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. பிள்ளையைக் காணோம் என்று ஒரு தாய் கத்துகிறாள், ஒரு தலைகூடத் திரும்பவில்லை! அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

அதோடு திருந்தினேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை. அந்த வருஷமே நாதமுனி சார் ரிட்டயர் ஆனார். நான் அவர் நாற்காலிக்கு வந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். அவர் ரிட்டயர் ஆகும் சமயத்திலேயே, அலமாரியில் இடம் இல்லை, பழையதைக் காலி பண்ணுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். கை படாதது எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், விசாரிக்கவில்லை. நாதமுனி சார் பொழிச்சலூரில்தான் இருந்தார். ஸ்டூடியோவிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம் மாதிரிதான். ஒரு தடவைகூட நான் போகவில்லை. வெட்கம். நான் ரிட்டயர் ஆனபோது பொன்னாடை வேண்டாம், அந்தப் பழைய ஸ்பீக்கர் ஜோடியையும் குமிழ் இருந்த பலகையையும் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். நெயில் பாலிஷ் கொஞ்சம் உரிந்திருந்ததே தவிரப் புள்ளி இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் கலைவாணன் போன் செய்தார்.

"மேடம், நம்ம பழைய ஆல்பத்த ஆப்புல ஏத்தினேன். சப்புனு இருக்கு மேடம். பக்கத்துல வர்ற பாட்டெல்லாம் எழுந்து நிக்குது, நம்மளுது படுத்துக்கிடக்கு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "நாமதானே கலை படுக்கவெச்சோம்" என்றேன். எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு இறக்கிய பிறகு, சத்தத்தை மட்டும் நம்பிய பாட்டுக்கு மிச்சம் என்ன இருக்கும்? மறுபடி செய்துகொடுக்கச் சொன்னார். அமுக்கியதை விரிக்க முடியாது, அமுக்காத பிரதி வேண்டும் என்றேன். அவருடைய ஹார்ட் டிஸ்க் என்றோ செத்துப்போயிருந்தது.

"அப்போ செல்வியையே திரும்பப் பாடவெச்சுடலாமே" என்றேன்.

அவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள் போல, போன் கைமாறுகிற சத்தம். செல்வியின் குரல் வந்தது. அடையாளமே தெரியவில்லை, அடியில் உராய்கிற குரல்.

"தைராய்டு ஆபரேஷன் ஆச்சு மேடம். மேல தொண்ட வர்ல. இப்ப பாடுறதில்ல. மாரிக்கு இப்ப ஒரு பொண்ணு கீது. உன் பாட்ட போடும்மா, போடும்மான்னு எத்தினியோ தபா கேட்டுட்டான். அவன் பேர்ல ஒரு பாட்டு கீதுன்னு அவனுக்குத் தெரியும். நான் போட்டதே இல்ல மேடம். அந்தக் கத்தல எப்டி அவன் காதுல போடுறது? நான் பாடின மாதிரி ஒருவாட்டி அவன் கேட்டா போதும். அது இருக்கா மேடம்? எங்கனா கீதா?"

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பொழிச்சலூருக்குப் போனேன்.

கதவைத் திறந்த நாதமுனி சாருக்கு முடி முழுக்க வெளுத்து, இரண்டு காதிலும் மெஷின். "வா வசந்தி" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் வாயைத் திறக்கும்போது மேலே விமானம் இறங்கியது. அவர் கையை உயர்த்திக் காட்டினார். அது போய் அடங்கும்வரை இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். "இங்க எல்லாரும் ஃப்ளைட் வந்தா கத்திப் பேசுறாங்க. நான் அது போற வரைக்கும் இருந்துடுவேன். எங்க ஓடப்போறோம்?" என்றார். காதைத் தொட்டுக்கொண்டு, "பாத்தியா, கடைசியில என் காதுக்குள்ளயே கம்ப்ரஸர் வெச்சுட்டான். மெதுவா பேசினா தூக்கிக் குடுக்குது, சத்தம் போட்டா அமுக்குது. நல்ல சாமான்தான். தேவைப்பட்டவனுக்கு வேணும்" என்று சிரித்தார்.

நான் செல்வி பாட்டைச் சொன்னேன். "அன்னிக்கு நான் குமிழ்ல கை வெக்க விட்டிருக்கக் கூடாது சார்" என்றேன். இத்தனை வருஷம் கழித்து.

அவர் எழுந்து போய், பீரோவுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன அன்று, குப்பைக்குப் போக இருந்ததை ஆட்டோ வைத்து எடுத்து வந்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் புரட்டி ஒரு சிடியை நீட்டினார். மேலே "கை படாதது", என் கையெழுத்து. அதோடு ஒரு காலண்டர் தாளை வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. தாள் பழுப்பேறிவிட்டது. வீட்டாருக்காக எழுதி வைத்தது. "ஸ்டூடியோ வசந்தி இதைக் கேட்டு வருவாள். நான் இல்லாவிட்டாலும் எடுத்துக் கொடுக்கவும்."

அழுதேன். அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். இன்னொரு விமானம் வந்தது. நல்லவேளை.

சிடியை என் கம்ப்யூட்டரில் போட்டால் சுற்றுகிறது, துப்புகிறது. பத்துத் தடவை துப்பியது. பரணில் கிடந்த ஒரு பழைய டிரைவைத் துடைத்து மாட்டி, மிக மெதுவான வேகத்தில் வைத்து, பக்கத்தில் உட்காராமல் சமையலறைக்குப் போய்விட்டேன். ரசம் கொதிக்கிற நேரத்தில் திரும்பி வந்து பார்த்தால், ஏழு பாட்டும் வந்திருந்தது. ஒரு சொட்டுச் சேதம் இல்லை.

மூன்று நாள் காலையில் அந்தப் பாட்டோடு உட்கார்ந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் செய்தது மிகக் கொஞ்சம். அடியில் இருந்த மின்சார உறுமலை எடுத்தேன். இரண்டாம் சரணத்தில் குரலை மூடியிருந்த வயலினைத் துளி ஒதுக்கினேன். கடைசிக் கூப்பாட்டுப் பக்கமே போகவில்லை.

ஒரு முற்பகல் கலைவாணனும் செல்வியும் வீட்டுக்கு வந்தார்கள். நாதமுனி சார் முறைப்படி ஃபேனை நிறுத்தினேன். வேர்க்குமே என்று ஜன்னலைத் திறந்து வைத்தேன். குமிழைப் புள்ளியில் நிறுத்தினேன். முதலில் கலைவாணனுக்காகப் பழைய அமுக்கிய பாட்டைப் புதியதோடு சரிசமமாக்கி, இரண்டிலிருந்தும் நடுவில் ஒரு சரணம் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். அவர் கை பழக்கதோஷத்தில் குமிழ்ப் பக்கம் வந்தது. பட்டென்று ஒன்று வைத்தேன். பதினைந்து வருஷம் தாமதமான அடி. அவர் கையைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதுக்குப் பக்கத்துல அது அட்டை மாதிரி இருக்கே மேடம். இதையா நான் கேட்டு வாங்கினேன்?" என்றார். "நானும்தானே குடுத்தேன்" என்றேன்.

அப்புறம் செல்விக்காக முழுப் பாட்டையும் போட்டேன்.

முதல் கூப்பாடு எவ்வளவு மெதுவாக இருந்தது என்றால், ஜன்னலுக்கு வெளியே ஏழுமலை வண்டியில் இஸ்திரிப் பெட்டி தட்டுகிற சத்தம் அதைவிட நன்றாகக் கேட்டது. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேர் பார்ப்பார்களே என்கிற அதே வெட்கம். இரண்டாவது கூப்பாட்டில் நிமிர்ந்தாள். மூன்றாவதில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் வயலின் நின்றது, மத்தளம் நின்றது, எல்லாம் நின்றது. "மாரீ!"

என் உடம்பு தூக்கிப்போட்டது. எத்தனை தடவை கேட்டிருப்பேன், எனக்கே தூக்கிப்போட்டது. அந்தக் கூப்பாடு அறையை நிறைத்து, ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. அப்புறம் பாட்டு முடிந்துவிட்டது.

வாசல் கேட் படாரென்று திறந்தது. ஏழுமலை. லுங்கியை மடித்துக் கட்டியபடி, மூச்சு வாங்க, வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அம்மாளும் மாடிக்காரரும்.

"யாரு புள்ளம்மா? எந்தப் பக்கம் போச்சு? இன்னா கலர் சட்ட?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். செல்வி என் கையை அழுத்தி நிறுத்திவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"நீலம்ண்ணா" என்றாள். "நீலக் கலர் சட்ட. கெடச்சுட்டாண்ணா."